வெளுத்த சிமெண்ட்

ஜூலை 8

அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. வேலையை நானாகத்தான் விட்டேன் என்று எல்லோருக்கும் ஒரு முறை சொல்லியாயிற்று. மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவன், தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்து ஊரில் பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்திருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். ஒரு மாதம் ஓய்வு. அதற்குப் பிறகு நல்ல இடமாகப் பார்த்துப் போகிறேன்.

ஹெப்சி அக்காவும் சாம்ராஜ் அத்தானும் வீடு கட்டுகிறார்கள். அத்தான் உப்பளத்தில் கங்காணி. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான், இப்போதுதான் உப்பளத்தை ஒட்டி ஒரு மனை. அஸ்திவாரக் குழி தோண்டிவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தேன். குழியில் மண் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

கொத்தனார் இசக்கிமுத்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஐம்பத்துமூணு கிரேடு எறக்கச் சொல்லிட்டேன். நல்ல பவரு."

"பவரு எதுக்கு? ஓட்டப் பந்தயத்துக்கு விடப் போறீங்களா?"

கிரேடு என்பது என்ன என்று கேட்டேன். பவரு என்றார். முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிறாராம். ஐம்பத்துமூணு கிரேடு என்பது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்தான், அதில் அலுமினாச் சேர்மம் ஒன்று உண்டு. மண்ணிலிருக்கும் சல்பேட் தண்ணீரோடு உள்ளே போய் அதைச் சந்தித்தால் ஊசி ஊசியாகப் புதுப் படிகம் வளரும். இடம் போதாமல் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இந்த மண்ணில் ஐம்பத்துமூணு கிரேடு போட்டால் பத்து வருடத்தில் அஸ்திவாரத்தை விரலால் நோண்டி எடுக்கலாம். ஸ்லாக் சிமெண்ட்தான் வேண்டும் என்றேன். இரும்பு உலைக் கசடை அரைத்துச் சேர்ப்பது.

"கசடா?" என்றார் இசக்கிமுத்து. அக்காவைப் பார்த்தார். பாவம் இந்தப் பெண், தம்பி இப்படி ஆகிவிட்டானே என்கிற பார்வை.

ஜூலை 10

மூட்டைகள் வந்தன. அத்தான் ஒன்றைப் பிரித்து, கையில் அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, உப்பு பார்ப்பது மாதிரியே பார்த்தார்.

"என்ன மாப்ள, கோலமாவு கணக்கா இருக்கு?"

"ஸ்லாக் அப்படித்தான் அத்தான் இருக்கும்."

"உப்புன்னா வெளுப்பா இருக்கணும். சிமெண்டுன்னா கறுப்பா இருக்கணும். இது ரெண்டுலயும் சேத்தி இல்லையே."

நிறத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை, கறுப்பு வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால் என்று சொன்னேன். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் உலையில் ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் வெந்து கிளிங்கர் என்ற உருண்டையாக வரும், அதை ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட், அவ்வளவுதான் சங்கதி என்றேன். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள், அதுவும் ஒருவகையில் கசடுதான் என்றேன். 1824இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஒருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார், சுண்ணாம்புக்கல்லுக்காக ரோட்டில் பதித்த கல்லையே பெயர்த்து மாட்டிக்கொண்ட ஆள் என்றும் சொன்னேன்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தாளு கட்டுன வீடு இப்ப இருக்கா?" என்றார்.

தெரியாது என்று சொல்லப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றினேன்.

ஜூலை 19

இப்படி ஒரு கூத்தை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அஸ்திவாரத் தூணுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள் என்று போனால் கலவை தார் மாதிரி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் தரைக்குப் பூசும் கறுப்பு ஆக்சைடு டப்பா விற்பார்களே, அதை வாங்கி வந்து கலவையில் கொட்டியிருக்கிறார் இசக்கிமுத்து.

"அண்ணாச்சிக்குக் கலர் புடிக்கலன்னாவ. அதான் கொஞ்சம் தூக்கி விட்டேன்."

"மருதாணியும் வச்சு விடுங்க."

"அதெல்லாம் எதுக்கு தம்பி, சிமெண்டுக்கு?" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கலவை முழுவதையும் கீழே கொட்ட வைத்தேன். அத்தானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நல்லா கறுப்பாத்தான மாப்ள இருந்துச்சு" என்று கொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனையை வாங்கி அதற்குப் பவுடர் பூசுகிறவர்கள். இவர்களோடு இருந்தால் எனக்கும் மூளை இறுகிவிடும், ஜிப்சம் போடாத சிமெண்ட் தண்ணீர் பட்டதும் இறுகுகிற மாதிரி.

ஆகஸ்ட் 14

வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 2

சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றாள். மேனேஜருக்குச் சிமெண்டின் ஆரம்ப இறுக்கத்துக்கும் முழு இறுக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். பார்வையிட வந்த வியாபாரிகளிடம் தப்பும் தவறுமாக அளந்துகொண்டிருந்தார். அவர்கள் எதிரிலேயே திருத்தினேன். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். ஆகவே நானாகத்தான் விட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு கூப்பிடுகிறோம் என்றாள்.

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் போல. சாப்பிடும்போது ஒன்றும் கேட்கவில்லை. மீன் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள்.

நவம்பர் 3

இன்று கூரைத் தளம் போட்டார்கள். கடற்காற்றுக்கு அதற்கும் ஸ்லாக்தான் என்று பிடிவாதமாக நின்று வாங்க வைத்தேன். அத்தான் உப்பளத்திலிருந்து பாதிப் பேரைக் கூட்டி வந்துவிட்டார். வாசலில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. போதகர் ஜெபம் பண்ணினார், இசக்கிமுத்து மிக்ஸருக்குச் சூடம் காட்டினார். எல்லாச் சாமிக்கும் மரியாதை, கலவைக்கு மட்டும் இல்லை.

தண்ணீரை அளந்து ஊற்றச் சொன்னேன். கலவை ஓட வேண்டாமா என்றார்கள். ஓட வேண்டியது தண்ணீர், கான்கிரீட் இல்லை என்றேன். நான் பக்கத்தில் நிற்கும்போது குறைவாக ஊற்றினார்கள், நகர்ந்ததும் குடத்தைக் கவிழ்த்தார்கள். கியூப் போடுவதற்கு இரும்பு அச்சு வேண்டும், கலவையை அதில் வார்த்து வைத்தால் பிறகு மிஷினில் உடைத்துப் பலம் பார்க்கலாம் என்று போன வாரமே சொல்லியிருந்தேன்.

"அது எதுக்கு தம்பி, கேக்கு சுடவா?" என்றார் இசக்கிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். விட்டுவிட்டேன். எத்தனை தடவைதான் சொல்வது.

சென்ட்ரிங் வேலை பூல்பாண்டி என்பவர். தளத்துக்கு அடியில் தகரப் பலகையும் முட்டுக்கொம்புகளும் கொடுத்திருப்பவர். பிரியாணியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 5

தளத்தில் தண்ணீர் நிற்க அத்தானே பாத்தி கட்டினார். உப்பளத்துக்காரர் இல்லையா, வரப்பு நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, ஒரு பாத்தியில்கூடத் தண்ணீர் ஒரு பக்கம் சாயவில்லை. குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை.

கீழே நிற்கும்போது அரியலூரில் கூட வேலை பார்த்தவன் கூப்பிட்டான். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம். டிப்ளமோ படித்தவனாம், மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிடிக்கும், மாவுமில்லில் வேலை பார்க்க வேண்டியவனுக்கு அப்படிப்பட்டவனைத்தான் பிடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பூல்பாண்டி வந்து சட்டையை இழுக்காத குறையாக நின்றார்.

"சார், என்னைக்குப் பிரிக்கலாம்? அடுத்த சைட்டுக்காரன் தகரம் கேக்கான்."

"ஏழு நாள். புஸ்தகத்துலயே போட்டிருக்கு. போங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். அதிசயம், இந்த ஊரில் நான் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு வராதது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 9

ஒருவழியாக ஒன்று வந்தது. திருநெல்வேலியில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனி, நாளை நேர்காணல். அக்கா என் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவிய சொல்லுறதக் கேட்டுட்டு இருலே. யாரையும் முட்டாளுன்னு சொல்லாத" என்றாள்.

"முட்டாளா இருந்தா?"

"இருந்தா இருந்துட்டுப் போறாவ. சம்பளம் அவியதான தருதாவ."

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இன்று செங்கல் ஏற்றி அடுக்கினார்கள். மழை தூறுகிறது.

நவம்பர் 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதிரில் மூன்று பேர். இரண்டு பேர் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாமவர் வயதானவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஸ்லாக் சிமெண்டில் வீட்டுத் தளம். பதினாலு அடி அகலம். எப்போது முட்டு எடுப்பீர்கள்?"

பாலிடெக்னிக் பையன்களிடம் கேட்கிற கேள்வி. சிரிப்பு வந்தது. அந்த அகலத்துக்குப் புத்தகம் ஏழு நாள் என்கிறது, ஆனால் அது சாதாரண சிமெண்டுக்கு என்றேன். ஸ்லாக்கில் ஆரம்ப பலம் மெதுவாக ஏறும், மழை நாளில் இன்னும் மெதுவாக, கடைசியில் சாதாரண சிமெண்டைத் தாண்டிப் போகும், ஆனால் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றேன். குறைந்தது இரண்டு மடங்கு நாள், அதுவும் கியூப் உடைத்துப் பார்த்துத்தான். "ஏழு நாளை அப்படியே ஸ்லாக்குக்குச் சொல்கிறவன் முட்டாள். அவனை சைட்டுக்குள்ளேயே விடக் கூடாது."

பெரியவர் தலையை ஆட்டினார். மற்ற இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த கேள்வியை ஆரம்பித்தார். எனக்குக் காது கேட்கவில்லை. இன்று பத்தாம் தேதி. தளம் போட்டது மூன்றாம் தேதி.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அத்தானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, உப்பளத்துக்குப் போனால் சட்டையோடு கழற்றிக் குடிசையில் தொங்கவிட்டுவிடுவார். அக்காவுக்கு அடித்தேன், எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"புது வீட்டுலதான். ஹால்ல தகரம் எடுத்துட்டாவ, கூட்டிப் பெருக்கிட்டு இருக்கேன். என்ன சொன்னாவ அங்க?"

"வெளிய போ."

"ஏன்லே?"

"விளக்குமாத்தப் போட்டுட்டு வெளிய போக்கா."

அவள் நடக்கிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்துவிட்டேன் என்றாள். பூல்பாண்டியை நிறுத்தச் சொல் என்றேன். அவள் சொல்வதும் அவர் பதிலும் எனக்குக் கேட்டது. "சார் ஏழு நாளுன்னாரும்மா. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ரெண்டு கொம்புதான் பாக்கி." போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பூல்பாண்டி, நிறுத்துங்க. நான் சொன்னது தப்பு."

"யாரு பேசுறது?"

"நான்தான். கிளாட்வின்."

"வெளையாடாதீங்க. அந்த சாரு தப்புன்னு சொல்ல மாட்டாரே."

அப்போதுதான் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. போனிலேயே கேட்டது. மரம் முறிவது மாதிரி இல்லை, அதைவிடச் சின்னது, நகம் கடிப்பது மாதிரி. அதற்குப் பிறகு பூல்பாண்டி என்னோடு வாதாடவில்லை. "ஏ, கொம்பக் கொண்டாங்கலே" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ஹாலில் காடு மாதிரி முட்டு நட்டிருந்தார்கள். மேலே அடுக்கிய செங்கலை இறக்கியிருந்தார்கள், பாத்தித் தண்ணீரை வெட்டிவிட்டிருந்தார்கள். தளம் நடுவில் வயிறு தொங்கியிருக்கிறது. அடியில் மயிரிழை விரிசல்கள், குறுக்காக. அத்தான் ஈரச் சட்டையோடு அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வேலை கிடைச்சிட்டா மாப்ள?" என்றார்.

நவம்பர் 12

தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிமெண்ட்தான் காரணமாம். வெளுத்த சிமெண்ட். கசடு கலந்தது. கறுப்பாக இருந்திருந்தால் இரும்பு மாதிரி நின்றிருக்குமாம். பெட்டிக்கடைக்காரர் சொல்கிறார், பால்காரர் சொல்கிறார், சிமெண்டுக்கும் திருநீற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவரெல்லாம் சொல்கிறார். இசக்கிமுத்து "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஊர்வலம் போகிறார். பூல்பாண்டியும் அதையேதான் சொல்கிறார். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோருக்கும் தோதான குற்றவாளி, மூட்டைக்குள் இருப்பது பேசவா போகிறது.

கலவையில் குடத்தைக் கவிழ்த்தவர்களும் அதே தெருவில்தான் நிற்கிறார்கள். அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் பலத்தைக் குறைத்திருக்கும். அதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஏழு நாள் என்றதைச் சொல்லவில்லை.

அத்தான் செப்டிக் தொட்டிக்கு ஐம்பத்துமூணு கிரேடு சொல்லிவிட்டாராம், நல்ல கறுப்பாகப் பார்த்து. மண்ணுக்குள் ஆளுயரம் இறங்கப்போகிற தொட்டி. உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டே கிடக்கப்போவது. பைத்தியக்காரத்தனம்.

அக்காவிடம் போய்க் கத்தினேன். எந்த மடையன் இந்தச் சிமெண்ட் கதையைக் கிளப்பிவிட்டது என்று கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்."

"நீயா?"

"பின்ன? பூல்பாண்டி வாசல்ல நின்னு சார் சொன்னாரு சார் சொன்னாருன்னு கத்துதான். நாலு பேரு கூடிட்டாவ. உன் வேலை போனதே ஊருக்குத் தெரியும். இதுவும் சேர்ந்தா உன்ன எவன் கூப்பிடுவான்? சிமெண்டு சரியில்லன்னு சொன்னேன். அவனும் சரின்னுட்டான்."

"அத்தானுக்கு?"

"தெரியாது. தெரிய வேண்டாம்."

வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். நான் வேலையை விட்டதைப் பற்றி இவள் இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 13

காலையில் தொட்டிக் குழியருகே எல்லோரும் இருந்தார்கள். கறுப்புச் சிமெண்ட் மூட்டைகள் இறங்கியிருந்தன. அத்தான் ஒன்றைப் பிரித்து, கையில் அள்ளி, திருப்தியாக ஒழுகவிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், இது வேண்டாம். தளத்துல சிமெண்ட் தப்பில்ல. நாள்தான் தப்பு. ஏழு நாளுன்னு சொன்னது நான்."

அக்கா தூரத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

அத்தான் என் தோளில் கை வைத்தார். "விடு மாப்ள. ரெண்டு வருசம் அந்தக் கம்பெனிச் சோறு தின்னுருக்க. சிமெண்ட விட்டுக்குடுக்க உனக்கு மனசு வராது."

இவருக்கு எப்படித்தான் விளங்கவைப்பது? திருநெல்வேலியில் கேட்ட கேள்வியைச் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முட்டாள் என்று சொன்னது உட்பட. ஸ்லாக்குக்கு ஏழு நாள் போதாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், போனில் எவனையோ நினைத்து எரிந்துகொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றேன். அக்கா அந்த நேரத்தில் உள்ளேதான் பெருக்கிக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னேன்.

அத்தான் கையை எடுத்துக்கொண்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். கையில் மிச்சமிருந்த சிமெண்டை அத்தான் மூட்டைக்குள்ளேயே தட்டினார்.

"அப்ப எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கீங்க."

குழியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "தொட்டிக்கு எது?"

"ஸ்லாக்."

"எத்தனை நாளு?"

"தெரியல அத்தான். கியூப் போட்டு உடைச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

இசக்கிமுத்து இந்தத் தடவை கேக் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூல்பாண்டிதான் சொன்னார், என் முகத்தைப் பார்த்தே. "பரவால்ல, சாருக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கு. மூணு நாளா ஊர்ல அந்தப் பொய்யச் சொல்லிட்டு எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா சார்?"

கறுப்பு மூட்டைகள் மறுபடி வண்டி ஏறின. அத்தான் இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அக்காவோடும்.

டிசம்பர் 15

இன்று ஹால் முட்டுகளை எடுத்தார்கள்.

தளத்தில் சுத்தியல் மாதிரி அடித்து, அது எகிறுவதை வைத்துப் பலம் பார்க்கும் கருவி ஒன்று உண்டு, திருநெல்வேலியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அளவு போதும் என்று காட்டியது. விரிசல் நீளவில்லை. இருந்தாலும் பூல்பாண்டி கொம்பில் கை வைக்கவில்லை.

"சார் அடியில நிக்கட்டும். நான் உருவுதேன்."

நியாயம்தான். போய் நடுவில் நின்றேன். ஹால் நடுவில்தான் தளம் அதிகமாகத் தொங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் சாக்குத் துணி ஈரமாகி இறங்கிய மாதிரி இருக்கிறது. இனி எத்தனை பூச்சு பூசினாலும் அது தெரியும். அத்தானிடம் உடைத்துவிட்டு மறுபடி போடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். உப்பளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் நாலு கொம்பு பாக்கி இருக்கும்போது அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அறிவிருக்கா உனக்கு? வெளிய போ."

"அன்னைக்குப் போன்னு சொன்னப்ப போனேன்ல. இன்னைக்கு நிக்கேன்."

"இது என்ன பிரார்த்தனைக் கூட்டமா? கருவி காட்டுறதெல்லாம் தோராயந்தான். எனக்கே முழுசாத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லுதல்ல, அதான் நிக்கேன்."

ஒரு காரணகாரியமும் இல்லாத பேச்சு. வாசலில் நின்ற அத்தானைப் பார்த்தேன், இவளை இழுத்துக்கொண்டு போவார் என்று. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்காவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். எங்களைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பூல்பாண்டி" என்றார். "என்னத்தப் பாத்துட்டு நிக்க? உருவு."